மூன்று கட்டையில் பேசிய கைபேசி

சென்ற கல்வியாண்டில் ஒரு திங்கட்கிழமை. காலை வணக்கக் கூட்டம் முடிந்து வகுப்புக்குள் நுழைந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கைக்குட்டையில் சுற்றிய பொருள் ஒன்றை என் மேசைமேல் வைத்தாள். பிரித்துப் பார்த்தால் பழைய பட்டன் போன். பின்மூடி இல்லை. பேட்டரி அப்பளம் போல உப்பி, போனை விட்டு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

"சார், இதுக்கு வேற பேட்டரி கிடைக்குமா? எங்க அப்பத்தா பாட்டெல்லாம் இதுக்குள்ள இருக்கு."

விசாரித்தபோதுதான் முழு விவரமும் தெரிந்தது. எங்கள் பள்ளித் தமிழாசிரியை, ஊரில் வழங்கும் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்து வரச் சொல்லியிருந்தார். இந்தப் பெண்ணின் அப்பத்தா நடவு வேலைக்குப் போனவர். நடவுப்பாட்டும் தாலாட்டும் நிறையத் தெரிந்தவர். மகன் ஒருமுறை விளையாட்டாக அவற்றைத் தன் போனில் பதிந்து வைத்திருந்தார். அப்பத்தா மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. பாட்டுகள் போனின் உள்நினைவகத்தில் இருக்கின்றன. மெமரி கார்டு கிடையாது. ஊரில் அந்தப் பாட்டுகளை முழுதாகப் பாடத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லையாம்.

அதைவிட எனக்குத் திக்கென்றது அவள் அடுத்துச் சொன்னதுதான். "அண்ணன் சார்ஜர் வயரை வெட்டி நேரா பேட்டரியில வச்சுப் பாத்துச்சு சார். கொஞ்சம் சூடாச்சு. அப்புறந்தான் இப்படி உப்பிருச்சு."

அன்று நான் நடத்தவிருந்த பாடத்தை மூடி வைத்துவிட்டேன். அடுத்த இரண்டு வாரங்களில் அந்தப் போனை வைத்து நாங்கள் செய்ததை இங்கே பகிர்கிறேன். ஒன்பதாம் வகுப்பின் மின்னூட்டமும் மின்னோட்டமும் பாடத்தில் தொடங்கிய அது, பன்னிரண்டாம் வகுப்பின் அகமின்தடை வரை போய்விட்டது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் வகுப்பில் செய்து பார்க்கக்கூடிய ஒன்றிரண்டு செய்திகள் இடையில் உண்டு.

முதல் வேலை: உப்பிய பேட்டரி

பேட்டரி ஏன் உப்புகிறது? லித்தியம் அயனி மின்கலத்துக்குள் திரவ மின்பகுளி இருக்கிறது. எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பான் அது. மின்கலம் பழசானாலும், அளவுக்கு மீறி மின்னேற்றம் செய்தாலும் அது சிதைந்து வாயுவாகிறது. உறை காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டிருப்பதால் வாயு வெளியேற வழியில்லை. உறை வீங்குகிறது. உள்ளே நேர், எதிர் மின்வாய்களைப் பிரித்து வைத்திருப்பது மெல்லிய ஒரு படலம் மட்டுமே. வீங்கியதை அழுத்தினாலோ குத்தினாலோ அந்தப் படலம் கிழிந்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு தீதான்.

அவளுடைய அண்ணன் செய்த தவற்றை வகுப்பில் பெயர் சொல்லாமல் விளக்கினேன். நாம் சார்ஜர் என்று சொல்லும் டப்பா உண்மையில் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. வீட்டு மின்சாரத்தை 5 வோல்ட் அளவுக்கு, சில பழைய சார்ஜர்களில் அதற்குச் சற்று மேலாக, இறக்கித் தருவதோடு அதன் வேலை முடிந்தது. எப்போது எவ்வளவு ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யும் சுற்று போனுக்குள் இருக்கிறது. இவ்வகை லித்தியம் அயனி மின்கலம் 4.2 வோல்ட்டில் நிறைந்துவிடும். போனைத் தவிர்த்துவிட்டு வயரை நேரே வைத்தால், நிறைந்த குடத்தில் நிறுத்தாமல் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். பேட்டரிக்குள் சிறிய பாதுகாப்புச் சுற்று ஒன்று இருக்கும். ஆனால் பழைய பேட்டரியிலும் போலி பேட்டரியிலும் அதை நம்ப முடியாது.

அந்தப் பேட்டரியை நானே வெளியே எடுத்தேன். மாணவர்கள் யாரையும் தொடவிடவில்லை. அதன் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, உலர்ந்த மணல் நிரப்பிய பழைய பிஸ்கட் தகர டப்பாவில் வைத்து, மூடியை இறுக்காமல், கட்டடத்துக்கு வெளியே நிழலில் வைத்தோம். அதற்கு முன் ஒரே ஓர் அளவீடு மட்டும் எடுத்துக்கொண்டேன். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். இத்தகைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் 2022இன்படி, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கு உண்டு. நடைமுறையில் எங்கள் ஊரிலிருந்து அப்படி ஒரு சேகரிப்பு இடத்துக்குப் போக வேண்டுமானால் இரண்டு பேருந்து மாற வேண்டும் என்பது வேறு கதை.

கடையில் கிடைத்தது

அந்த வார இறுதியில் நகரத்துக்குப் போய் மூன்று கடைகளில் கேட்டேன். இரண்டு கடைகளில் இல்லை என்றார்கள். மூன்றாவது கடையில், "இது சேரும் சார்" என்று ஒன்றைக் கொடுத்தார்கள். நீள அகலம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் முனைகள் இடம் மாறியிருந்தன. நேர்முனை இருக்க வேண்டிய இடத்தில் எதிர்முனை. பார்க்காமல் போட்டிருந்தால் போன் அன்றோடு முடிந்திருக்கும். பழைய கருவிகளுக்கு மாற்று பேட்டரி வாங்கும்போது அளவைப் பார்ப்பதற்கு முன் முனைகளைப் பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

பேட்டரி கிடைக்காது என்று வகுப்பில் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், போனுக்கு அது பேட்டரின்னு தெரியுமா? கரண்டுன்னுதான தெரியும்?"

நான் இருபது ஆண்டுகளாக மின்னியல் நடத்துகிறேன். இவ்வளவு நல்ல கேள்வியை நானாக ஒருநாளும் கேட்டதில்லை. போனுக்குத் தேவை குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் போதிய மின்னோட்டம். அது எங்கிருந்து வருகிறது என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல. அப்படித்தான் நினைத்தேன். அது பாதிதான் உண்மை என்று பிறகு தெரிந்தது.

எத்தனை வோல்ட்?

பேட்டரியின்மேல் 3.7 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பெரிய பேட்டரி என்றால் அதிக வோல்ட், சின்னது என்றால் குறைந்த வோல்ட் என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். சுவர்க்கடிகாரத்துப் பென்சில் பேட்டரியையும், டார்ச் லைட்டில் போடும் பெரிய கட்டையையும் மல்டிமீட்டரில் அளக்கச் சொன்னேன். இரண்டும் ஏறத்தாழ 1.5 வோல்ட். பிள்ளைகள் நம்பவில்லை. மீட்டர் பழுது என்றார்கள்!

மின்னழுத்தத்தை முடிவு செய்வது மின்கலத்தின் வேதியியல். துத்தநாகமும் மாங்கனீசு டை ஆக்சைடும் சேர்ந்தால் 1.5 வோல்ட். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு 1.2 வோல்ட். லித்தியம் அயனி சராசரியாக 3.7 வோல்ட். உருவம் பெரிதானால் கூடுவது மின்னழுத்தம் அல்ல, அது எவ்வளவு நேரம், எவ்வளவு மின்னோட்டம் தரும் என்பதுதான். 1800இல் வோல்ட்டா உலோகத் தகடுகளை அடுக்கி மின்கல அடுக்கை அறிவித்த காலந்தொட்டு இதுவே விதி. கூடுதல் வோல்ட் வேண்டுமா, ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வேண்டும், அல்லது வேதிப்பொருளை மாற்ற வேண்டும். லித்தியம் அயனி மின்கலம் 1991இல் சோனி நிறுவனம் வழியாகச் சந்தைக்கு வந்தது. அதன் ஆய்வுக்காக குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதைச் சொன்னபோது ஒரு மாணவன், உப்பினதுக்கும் சேர்த்தா சார் என்றான்.

தொடக்கநிலை ஆசிரியர்கள் இங்கே ஓர் எளிய செயல்பாட்டைச் செய்யலாம். பென்சில் பேட்டரி போடும் சுவர்க்கடிகாரத்தில், ரிமோட்டுக்குப் போடும் மெல்லிய பேட்டரியைப் போட்டு ஓட வைக்கச் சொல்லுங்கள். மெலிந்திருப்பதால் அது ஆடும். சுற்றிலும் காகிதத்தைச் சுற்றினால் நிற்கும். நீளம் சற்றுக் குறைவதால் எதிர்முனைப் பக்கம் அலுமினியத் தாளை உருட்டிச் செருகினால் கடிகாரம் ஓடும். செருகும் முன் "இப்போது கடிகாரம் மெதுவாக ஓடுமா?" என்று கேளுங்கள். வகுப்பே ஆமாம் என்னும். ஒரு மணி நேரம் கழித்து வேறு கடிகாரத்தோடு ஒப்பிட்டால் வேகம் மாறியிருக்காது. குறைவது அது ஓடப்போகும் நாள்கள்தான். அலுமினியத் தாள் பேட்டரியின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது முனை

பேட்டரியில் முனைகள் எத்தனை? இரண்டு என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். இந்த பேட்டரியில் மூன்று இருந்தன. நேர், எதிர், நடுவில் குறியீடு எதுவும் இல்லாமல் ஒன்று. பலவகைக் கைபேசிகளிலும் கேமராக்களிலும் இப்படி ஒரு கூடுதல் முனை உண்டு. பேட்டரிக்குள் அந்த முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே ஒரு மின்தடை இருக்கும். போன் அதை அளந்து பார்த்து, இது எனக்குரிய பேட்டரிதானா என்று அறிந்துகொள்கிறது. சில கருவிகளில் அது வெப்பத்தால் மாறும் மின்தடையாக இருந்து, பேட்டரி சூடாவதைச் சொல்கிறது. ஆக, போனுக்கு அது பேட்டரி என்று ஓரளவு தெரியத்தான் செய்கிறது.

மணல் டப்பாவில் வைக்குமுன் நான் எடுத்த அளவீடு இதுதான். நடுமுனைக்கும் எதிர்முனைக்கும் இடையே சுமார் 75 கிலோ ஓம். ஆய்வகப் பெட்டியில் 75 கிலோ ஓம் மின்தடை இல்லை. கையிருப்பைக் கொட்டி, நிற வளையங்களைப் படித்து, எதை எதோடு சேர்த்தால் 75 வரும் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை நான்கு குழுக்களிடம் விட்டேன். தொடரிணைப்பில் கூட்டல், பக்க இணைப்பில் தலைகீழிகளின் கூட்டல் என்று கரும்பலகையில் எழுதினால் கொட்டாவி விடும் பிள்ளைகள், தரையில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டு கணக்குப் போட்டார்கள். 68 கிலோ ஓமும் 6.8 கிலோ ஓமும் தொடரில் சேர்த்து 74.8 கிலோ ஓம் என்று ஒரு குழு கொண்டுவந்தது. 150 கிலோ ஓம் இரண்டைப் பக்க இணைப்பில் போட்டால் சரியாக 75 என்றது இன்னொரு குழு. இரண்டும் சரி. 150 கிலோ ஓம் எங்களிடம் ஒன்றுதான் இருந்ததால் முதல் குழு வென்றது.

பேட்டரி வடிவத்தில் ஒரு கட்டையும் செய்தோம். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி ஒட்டி, உப்புத்தாளில் தேய்த்து, பேட்டரி இருந்த குழியில் இறுக்கமாக உட்காரும் அளவுக்குக் கொண்டுவந்தோம். போனின் சுருள்முனைகள் தொடும் இடத்தில் மூன்று பித்தளைத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வயர். சூட்டுக்கோல் வேலை என்னுடையது. தேய்ப்பதும் அளப்பதும் அவர்களுடையது.

கடிகாரத்துக் கட்டைகள் ஏமாற்றியது

மூன்று பென்சில் பேட்டரிகளைத் தொடரில் போட்டால் 4.5 வோல்ட். புதியவை என்றால் தலைக்கு 1.6 வரை காட்டும், மொத்தம் 4.8 ஆகிவிடும். போன் ஏற்கும் மேல் எல்லை 4.2. ஆகவே பள்ளிக் கடிகாரங்களிலிருந்து கழற்றி வைத்திருந்த பாதி தீர்ந்த பேட்டரிகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்தோம். மூன்றும் சேர்ந்து 4.14 வோல்ட். கச்சிதம் என்று எனக்குள் ஒரு பெருமிதம்.

கட்டையைப் பொருத்தி, நேர் எதிர் முனைகளை மூன்று பேர் தனித்தனியே சரிபார்த்த பிறகு, அந்த மாணவி பொத்தானை அழுத்தினாள். திரை ஒளிர்ந்தது. வகுப்பே கைதட்டியது. நிறுவனத்தின் சின்னம் வந்த அதே நொடியில் திரை அணைந்தது. மறுபடி அழுத்தினோம். அதே கதை. ஐந்து முறை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

மல்டிமீட்டரை வைத்தால் இன்னமும் 4.1 வோல்ட் காட்டுகிறது. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, போன்தான் போய்விட்டது என்று பலர் முடிவு கட்டினார்கள். எனக்கும் அந்த நினைப்புதான் வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் நினைவுக்கு வந்தது எங்கள் வீட்டு மூன்று கட்டை டார்ச். சிறுவயதில் வெளிச்சம் மங்கியதும் அம்மா கட்டைகளை எடுத்து முற்றத்து வெயிலில் காய வைப்பார். மாலையில் போட்டால் கொஞ்ச நேரம் பளிச்சென்று எரியும். வானொலிப் பெட்டிக்கும் அதே வைத்தியம். தீர்ந்துபோன கட்டைக்கு வெயில் என்ன கொடுத்தது? அந்தக் கேள்வியில்தான் எங்கள் விடை இருந்தது.

மின்கலம் என்பது மின்னியக்கு விசை மட்டும் அல்ல. அதற்குள்ளேயே ஒரு மின்தடை ஒளிந்திருக்கிறது. வெளியே கிடைக்கும் மின்னழுத்தம் = மின்னியக்கு விசை − (மின்னோட்டம் × அகமின்தடை). மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. ஆகவே கழிக்க வேண்டியது ஏறத்தாழ சுழி. மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டிவிடுகிறது. போன் இழுக்கும்போதுதான் உண்மை வெளிப்படும்.

மறுநாள் சோதித்தோம். 10 ஓம் மின்தடை ஒன்றை மூன்று கட்டைகளுக்கும் குறுக்கே இணைத்து மின்னழுத்தத்தை அளப்பது திட்டம். நான் அவசரத்தில் கால் வாட் மின்தடையை எடுத்துவிட்டேன். சில நொடிகளில் வாசனை வந்து, புகை வந்து, வகுப்பில் ஆரவாரம் வந்தது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் ஒரு வாட்டுக்கு மேல் வரும் என்று ஒரு கணக்கைப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். திறன் சூத்திரத்தை அந்த வகுப்பு இனி மறக்காது. 5 வாட் தாங்கும் வெள்ளைச் சிமெண்ட் மின்தடையை மாற்றினோம்.

4.14 வோல்ட் 3.24 வோல்ட்டாக இறங்கியது. மின்னோட்டம் 0.324 ஆம்பியர். 0.90 வோல்ட் உள்ளேயே தொலைகிறது. 0.90ஐ 0.324ஆல் வகுத்தால் அகமின்தடை 2.78 ஓம்.

இப்போது போனின் பக்கம் பார்ப்போம். பழைய ஜிஎஸ்எம் போன் கோபுரத்தோடு தொடர்ச்சியாகப் பேசுவதில்லை. தனக்கு ஒதுக்கிய நேரத் துண்டில் மட்டும் பேசுகிறது. ஒரு நொடியில் சுமார் 217 முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மில்லி நொடியில் பாதிக்குச் சற்று மேல். அந்தத் துளி நேரத்தில் அது 1.5 ஆம்பியர், கோபுரம் தொலைவில் இருந்தால் 2 ஆம்பியர் வரைகூட இழுக்கும். வானொலிப் பெட்டியின் அருகே போன் இருந்தால் ஒரு காலத்தில் 'டிர்ர் டிர்ர்' என்று கேட்குமே, அது இந்தத் துடிப்புகளின் சத்தம்தான். 1.5ஐ 2.78ஆல் பெருக்கினால் 4.17 வோல்ட். கட்டைகளிடம் மொத்தமே இருப்பது 4.14. அத்தனையும் உள்ளேயே தீர்ந்துவிடும், போனுக்கு மிச்சம் ஒன்றுமில்லை. கோபுரத்தைத் தேடாமல், திரையும் ஒலிபெருக்கியும் இழுக்கும் சிறிய மின்னோட்டத்துக்கே மின்னழுத்தம் 3.3 அளவுக்கு இறங்கிவிடுவதால், பேட்டரி தீர்ந்தது என்று எண்ணிப் போன் தன்னை அணைத்துக்கொண்டது. போன் சாகவில்லை. கணக்கு கரும்பலகையில் முடிந்ததும் அந்தப் பெண் பெருமூச்சு விட்டது முன்வரிசை வரை கேட்டது.

வெயிலில் காய வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்காமல் விடுவார்களா? முதலில் ஒரு மணி நேரம் நிழலில் வைத்தார்கள், பிறகு ஒரு மணி நேரம் வெயிலில். நிழலில் இருந்து எடுத்தபோதே அகமின்தடை 2.62 ஓமாகக் குறைந்திருந்தது. வெயிலுக்குப் பிறகு 2.39. ஓய்வும் வெப்பமும் இரண்டுமே உதவுகின்றன. ஓய்வில் உள்ளே தேங்கிய வினைபொருள்கள் பரவுகின்றன. வெப்பத்தில் அயனிகள் சுறுசுறுப்பாகின்றன. வெயிலில் கிடந்த நேரமும் ஓய்வு நேரம்தானே, எது எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது என்று ஒருவன் மடக்கினான். சரியான கேள்வி. எங்கள் சோதனை முழுமையானது அல்ல. இன்னொரு தொகுதியை இரண்டு மணி நேரமும் நிழலிலேயே வைத்திருக்க வேண்டும். (இந்த வெயில் வைத்தியம் சாதாரணக் கட்டைகளுக்கு மட்டும்தான். லித்தியம் பேட்டரியை வெயிலில் வைக்கவே கூடாது என்று பலமுறை சொல்லி, குறிப்பேட்டிலும் எழுத வைத்தேன்.)

1.2 மூன்று முறை

தீர்வு எளிதாகவே கிடைத்தது. மின்னேற்றம் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பென்சில் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட். மூன்று சேர்ந்தால் 3.6. நமக்கு வேண்டியது 3.7! புதிதாக மின்னேற்றியபின் சற்று ஓய்வு கொடுத்து அளந்தால் மூன்றும் சேர்ந்து 4.2ஐத் தாண்டுவதில்லை. அதைவிட முக்கியம், இவற்றின் அகமின்தடை மிகக் குறைவு. பழைய டிஜிட்டல் கேமராக்களில் சாதாரணப் பேட்டரி போட்டால் நாலு படத்தில் அணைந்துவிடுவதும், இந்த வகை போட்டால் நூறு படத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பதும் இதனால்தான்.

அளந்தோம். சுமை இல்லாமல் 3.96. அதே 10 ஓம் மின்தடையோடு 3.91. அகமின்தடை, பேட்டரிக் கூட்டின் சுருள்கம்பிகளையும் சேர்த்து, 0.13 ஓம் அளவே. 1.5 ஆம்பியர் இழுத்தாலும் 0.2 வோல்ட்தான் குறையும். வயர்களையும் தடிமனாக, ஒரு சாண் நீளத்துக்குள் மாற்றினோம். சிம்மைக் கழற்றிவிடலாம், கோபுரத்தோடு பேசும் வேலையே இருக்காது என்று ஒரு மாணவி சொன்னாள். நல்ல யோசனை, அப்படியே செய்தோம்.

ஒரு எச்சரிக்கை. இப்படி இயக்கும்போது போனின் சார்ஜரைச் செருகவே கூடாது. உள்ளே இருப்பது லித்தியம் என்று நம்பி அதற்குரிய முறையில் போன் மின்னேற்றத் தொடங்கும். நிக்கல் மின்கலங்களுக்கு அந்த முறை பொருந்தாது. சார்ஜர் துளையின்மேல் ஒட்டுநாடா ஒட்டி, பேனாவால் பெருக்கல் குறி போட்டோம். மின்கலங்களை அவற்றுக்குரிய தனி சார்ஜரில்தான் ஏற்ற வேண்டும்.

மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் சிறிய பலகை ஒன்றைக் கடையில் வாங்கி, அடாப்டரிலிருந்து நேரே இயக்கவும் முடியும். திருகைத் திருப்பி 3.9 வோல்ட் என்று முன்கூட்டியே அமைத்துக்கொண்டு, அதன் பிறகே போனை இணைக்க வேண்டும். வகுப்பறையில் நான் அதை விரும்பவில்லை. திருகை யாராவது ஒரு சுற்று கூடுதலாகத் திருப்பினால் போதும். பழைய மடிக்கணினிப் பேட்டரியைப் பிரித்து அதில் உள்ள மின்கலத்தை எடுக்கலாமே என்றும் கேட்டார்கள். கூடாது என்றேன். அவற்றுக்கும் அகமின்தடை மிகக் குறைவு. அதனாலேயே குறுக்குச்சுற்று ஏற்பட்டால் பாயும் மின்னோட்டம் மிகப் பெரிது. பாதுகாப்புச் சுற்று இல்லாத லித்தியம் மின்கலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்க நான் தயாரில்லை.

இன்னொரு பழைய கருவி

போனுக்கு மின்னழுத்தம் கொஞ்சம் முன்பின் இருந்தால் பரவாயில்லை, மின்னோட்டம்தான் முக்கியம். இதற்கு நேர்மாறான ஒன்றும் என்னிடம் இருந்தது. என் தந்தையின் பிலிம் கேமரா. ஒளியளவு காட்டும் முள் ஒன்று அதில் உண்டு. அதற்குப் பொத்தான் வடிவப் பாதரச மின்கலம் போட வேண்டும், 1.35 வோல்ட். பாதரச மின்கலத்தின் சிறப்பு, தீரும் வரை மின்னழுத்தம் அசையாமல் நிற்பது. அதையே அளவுகோலாக நம்பி ஒளிமானியை வடிவமைத்திருந்தார்கள். பாதரசம் நஞ்சு என்பதால் அவற்றின் உற்பத்தி நின்றுபோனது. மினமாட்டா உடன்படிக்கை 2013இல் உருவானபோது பாதரசம் சேர்த்த மின்கலங்களும் கைவிட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்ந்தன.

அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் பொத்தான் மின்கலத்தைப் போட்டால் முள் அசையும், எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் ஒளியை அதிகமாகக் காட்டும். அதை நம்பி எடுத்தால் படம் இருண்டு போகும். நான் ஒரு பிலிம் சுருள் முழுவதையும் அப்படி வீணாக்கியிருக்கிறேன். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் இங்கே அகமின்தடைக்கு வேலையில்லை, 0.15 வோல்ட் வித்தியாசமே எல்லாம். காதொலிக் கருவிக்குப் போடும் துத்தநாகக் காற்று மின்கலம் 1.4 வோல்ட் தரும், ஓரளவு பொருந்தும். ஆனால் ஒட்டுத்தாளை உரித்ததும் காற்றோடு வினைபுரியத் தொடங்கிவிடுவதால் சில வாரங்களே தாங்கும். 1.55 வோல்ட் தரும் வெள்ளி ஆக்சைடு மின்கலத்தோடு ஷாட்கி டையோடு ஒன்றைத் தொடரில் சேர்த்து 0.2 வோல்ட்டைக் குறைத்துக்கொள்பவர்களும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் டையோடு நடத்தும் ஆசிரியர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கேட்டது

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. தமிழாசிரியையும் தலைமை ஆசிரியரும் வந்து பின்னால் அமர்ந்தார்கள். மாணவி பொத்தானை அழுத்தினாள். திரை ஒளிர்ந்தது. சின்னம் வந்தது, போனது. முகப்புத் திரை நின்றது. இந்த முறை யாரும் கைதட்டவில்லை. அணைந்துவிடுமோ என்ற பயம்தான். தேதி எப்போதோ ஒரு ஜனவரி முதல் நாளுக்குப் போய் நின்றுகொண்டிருந்தது.

பதிவுகள் ஒன்பது இருந்தன. போனிலிருந்து கோப்புகளை வெளியே அனுப்ப வழி இல்லாததால், அதன் ஒலிபெருக்கியின் அருகே என் கைபேசியை வைத்து ஒவ்வொன்றாகப் பதிந்தோம். மின்விசிறியை அணைத்து, சன்னல்களைச் சாத்தி, நாற்பது பேர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு நடவுப்பாட்டு, இரண்டு தாலாட்டு, ஒரு ஒப்பாரியின் தொடக்கம். எட்டாவதில் பாட்டே இல்லை. "என்னத்தடா போட்டு நோண்டிக்கிட்டு இருக்க, போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்று அப்பத்தா மகனைத் திட்டுவது மட்டும் இருந்தது. வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ஒன்பதாவது பதிவு திறக்கவில்லை. மூன்று முறை முயன்றோம். கோப்பு பழுதாகியிருக்க வேண்டும். அதற்கு மேல் எங்களுக்கு வழி தெரியவில்லை.

தமிழாசிரியை பாட்டுகளை எழுத்தில் வடித்துக்கொண்டிருக்கிறார். நடவுப்பாட்டில் வரும் இரண்டு சொற்களுக்கு ஊரிலேயே யாருக்கும் பொருள் தெரியவில்லையாம். போனும் குச்சிக் கட்டையும் அவள் வீட்டுக்குப் போய்விட்டன. மணல் டப்பாவை மட்டும், மாவட்டத் தலைநகருக்கு அடுத்த முறை போகும்போது நான்தான் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். போன வாரம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தாத்தாவின் கையடக்க வானொலியைக் கொண்டுவந்திருக்கிறான். பேட்டரி அறைக்குள் கட்டைகள் கசிந்து, சுருள்கம்பிகள் பச்சை பூத்துக் கிடக்கின்றன. அதை எலுமிச்சைச் சாற்றில் துடைக்கலாமா, வினிகரா என்று இரண்டு குழுக்கள் இப்போது சண்டையில் இருக்கின்றன.